துடைக்காமல் விட்ட கண்ணாடி: தூய நீர்க்கம்பும் ஏணியும்

சிங்கப்பூரில் தரைவீடுகளுக்கும் நான்கைந்து மாடிக் கூட்டுரிமைக் குடியிருப்புகளுக்கும் சன்னல் கழுவ வருகிறவர்களில் சிலர் இப்போது ஏணி கொண்டுவருவதில்லை. சக்கரம் வைத்த ஒரு தொட்டி, சுருட்டிய மெல்லிய குழாய், ஒன்றுக்குள் ஒன்று செருகிய நீளமான கம்பு, அதன் நுனியில் ஒரு பிரஷ் ஆகியவற்றோடு வருகிறார்கள். தரையில் நின்றபடியே மூன்றாம் மாடிக் கண்ணாடியைத் தேய்த்து, தண்ணீர் பாய்ச்சி, கடைசியில் துடைக்காமல் சொட்டச் சொட்ட அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. சோப்பு போடாமல் அழுக்கு எப்படிப் போகும்? துடைக்காமல் விட்டால் திட்டுத் திட்டாகக் கறை படியாதா?

இந்த இரண்டுக்கும் விடை தண்ணீரில் இருக்கிறது. ஏணியா கம்பா என்ற கேள்விக்கான விடையோ வேறோர் இடத்தில், அதாவது வேலை செய்கிறவரின் கால்கள் எங்கே ஊன்றியிருக்கின்றன என்பதில் இருக்கிறது. விலைப்பட்டியல்களும் விளம்பரங்களும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் தனித்தனியாகப் பார்ப்பதே நல்லது.

கறை எங்கிருந்து வருகிறது

குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், சிலிக்கா போன்றவை கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது இவை ஆவியாவதில்லை. உப்பளத்தில் பெரிய அளவில் நடப்பதுதான் சன்னல் கண்ணாடியிலும் சிறிய அளவில் நடக்கிறது. ஒரு துளி காயும்போது அதன் ஓரம் முதலில் காய்வதால், உள்ளிருக்கும் நீர் கரைந்த பொருள்களையும் இழுத்துக்கொண்டு ஓரத்தை நோக்கி நகர்கிறது. துளி காய்ந்த இடத்தில் நடுப்பகுதி தெளிவாகவும் விளிம்பு வெள்ளை வளையமாகவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவை டி.டி.எஸ். என்கிறார்கள். அதன் அலகு பி.பி.எம்., அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்பது. தண்ணீரைப் பொறுத்தவரை 1 பி.பி.எம். என்பது ஏறக்குறைய லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரைச் சதுர மீட்டர்க் கண்ணாடியில் 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தண்ணீர் தங்கினால் அது 150 மில்லிலிட்டர். அந்தத் தண்ணீரில் 100 பி.பி.எம். இருந்தால், காய்ந்தபின் கண்ணாடியில் 15 மில்லிகிராம் வெண்பொடி மிஞ்சும். 5 பி.பி.எம். மட்டுமே இருந்தால் மிஞ்சுவது 1 மில்லிகிராமுக்கும் குறைவு, அதுவும் கண்ணாடி முழுவதும் பரவி இருக்கும் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் 10 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது, முடிந்தால் சுழியத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வதன் அடிப்படை இதுதான்.

குடிக்க நல்ல தண்ணீர் வேறு, கறை விடாத தண்ணீர் வேறு. 600 பி.பி.எம்.முக்குக் குறைந்த நீர் குடிக்கச் சுவையாகவே இருக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் எந்தத் தயக்கமுமின்றிக் குடிக்கக்கூடியது, கடினத்தன்மையும் அதில் அவ்வளவாக இல்லை. ஆனால் நீர்த்தேக்கங்கள், ஜோகூர், நியூவாட்டர் எனப்படும் மறுசுத்திகரித்த நீர், கடல்நீர் சுத்திகரிப்பு ஆகிய நான்கு வழிகளில் வரும் நீர் என்பதால், கரைந்த பொருள்களின் அளவு எல்லா வட்டாரத்திலும் எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே, "நம் ஊர்த் தண்ணீரே சுத்தமானது, வடிகட்டத் தேவையில்லை" என்று ஒரு துப்புரவு நிறுவனம் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

குழாய்த் தண்ணீர் தூய நீராக மாறும் படிகள்

1. முதலில் வண்டல் வடிகட்டி துருவையும் மண்ணையும் பிடித்து நிறுத்துகிறது.

2. அடுத்தது செயலூட்டிய கரி வடிகட்டி. பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாகக் குளோரமினைச் சேர்க்கிறது. சாதாரணக் குளோரினைவிட இதைக் கரியால் பிடிப்பது கடினம், தண்ணீர் கரியோடு கூடுதல் நேரம் தொடர்பில் இருக்க வேண்டும். கரி வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் அடுத்த படியில் இருக்கும் சவ்வு பழுதாகும்.

3. மூன்றாவது எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ. தண்ணீரை அழுத்தத்தோடு நுண்சவ்வில் செலுத்தும்போது நீர் மட்டும் கடந்து போகிறது, கரைந்த உப்புகளில் பெரும்பகுதி தடுக்கப்பட்டுக் கழிவுநீரோடு வெளியேறுகிறது. 2003 முதல் நாம் பயன்படுத்தும் நியூவாட்டருக்கும், துவாஸ் முதலிய இடங்களில் உள்ள கடல்நீர் ஆலைகளுக்கும் அடிப்படை இதே தொழில்நுட்பம்தான்.

4. கடைசியில் அயனி மாற்றப் பிசின். பிசின் என்றால் ஒட்டும் பசை அன்று, கடுகளவு உருண்டைகள். ஒருவகை உருண்டை கால்சியம், சோடியம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. மற்றொரு வகை குளோரைடு, சல்பேட் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியை விடுகிறது. விடப்பட்ட இரண்டும் சேர்ந்தால் தண்ணீர்.

சிறிய நிறுவனங்கள் சில மூன்றாம் படியை விட்டுவிட்டுப் பிசினை மட்டுமே நம்புகின்றன. நம் ஊர் நீரில் அது நடக்கக்கூடியதே. ஆனால் உள்ளே வரும் நீரின் டி.டி.எஸ். இரட்டிப்பானால் பிசினின் ஆயுள் பாதியாகிவிடும், பிசினோ மலிவான பொருள் அன்று. அது தீர்ந்தபிறகும் மாற்றாமல் ஓட்டும் ஆசை எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே மீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் திடப்பொருளை நேரடியாக எடை போடுவதில்லை, நீரின் மின்கடத்துதிறனை அளந்து அதை ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. மின்சாரத்தைக் கடத்தாத எதுவும் அதன் கண்ணில் படாது. பிசின் தீரத் தொடங்கும்போது முதலில் நழுவுகிறவற்றில் ஒன்றான சிலிக்கா அப்படிப்பட்டது. எனவே மீட்டர் சுழியத்தை ஒட்டிக் காட்டும்போதும் கண்ணாடியில் மெல்லிய புள்ளிகள் விழலாம். மீட்டர் தேவை, ஆனால் கடைசித் தீர்ப்பைச் சொல்வது காய்ந்த கண்ணாடிதான்.

கம்பின் நுனியில் நடக்கும் வேலை

தூய நீர் அழுக்கைக் காந்தம்போல் இழுக்கும் என்ற விளம்பர வாசகம் மிகை. கரைந்த பொருள் இல்லாத நீர், உப்புப் படிவுகளைச் சற்று எளிதாகக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் தூசியையும் பறவை எச்சத்தையும் பெயர்ப்பது பிரஷின் தேய்ப்பு, அவற்றைக் கீழே கொண்டுசேர்ப்பது நீரின் ஓட்டம். தூய நீரின் தனிச்சிறப்பு அதற்குப் பிறகுதான் தெரிகிறது: காயும்போது அது எதையும் விட்டுச்செல்வதில்லை.

தேர்ந்த கை செய்யும் வரிசை இப்படி இருக்கும். முதலில் சன்னலின் மேற்சட்டத்தையும் அதன் மேலுள்ள விளிம்பையும் தேய்த்து அலசுவார். அந்த நீர் வடிந்து முடியும்வரை அடுத்த சன்னலுக்குப் போய்விட்டுத் திரும்புவார். பிறகு கண்ணாடியை மேலும் கீழுமாகவும் குறுக்காகவும் தேய்ப்பார், ஓரங்களில் கூடுதல் நேரம் நிற்பார். கடைசியில் பிரஷைக் கண்ணாடியிலிருந்து ஓரிரு அங்குலம் விலக்கி, மேல் ஓரத்தில் தொடங்கி நீரை மட்டும் பாய்ச்சுவார். நீர் கண்ணாடியில் படலமாக வழிந்தால் அலசல் சீக்கிரம் முடியும். மெழுகோ சிலிக்கோனோ படிந்து துளித்துளியாக உருண்டால், பிரஷைத் தூக்காமல் கண்ணாடியில் வைத்தபடியே அலச வேண்டும்.

கண்ணாடி காய்ந்தபின் அதில் தெரியும் அடையாளங்களைப் படித்தாலே பிழை எங்கே என்று சொல்லிவிடலாம்:

1. கண்ணாடி முழுவதும் வெள்ளை வளையப் புள்ளிகள் இருந்தால் தண்ணீர் தூய்மையாக இல்லை.

2. மேல் ஓரத்திலிருந்து கீழ்நோக்கிக் கோடுகள் இறங்கினால் தண்ணீரின் மேல் பழி போடக்கூடாது. சட்டத்தின் இடுக்கிலிருந்தோ ரப்பர் விளிம்பிலிருந்தோ அழுக்கு பின்னால் வடிந்திருக்கிறது. சட்டத்தைச் சரியாகக் கழுவவில்லை, அல்லது அவசரப்பட்டிருக்கிறார்கள். பழைய அலுமினியச் சட்டத்தின் மேற்பூச்சு பொடிந்து பால்போல வழிவதும் இதில் சேரும்.

3. நடுவில் மங்கலான திட்டு இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை.

நம் ஊர்ச் சூழலில் இரண்டு விஷயங்கள் குறிப்பிடத்தக்கவை. ஈரப்பதம் மிகுதி என்பதால் கண்ணாடி காய நேரமாகும், குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு உடனே பளபளக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. மறுபக்கம், மேற்கு நோக்கிய சுவரில் பிற்பகல் வெயில் அடிக்கும்போது சோப்பு நீர் போட்டால், ரப்பர் பட்டையால் இழுப்பதற்குள் அது கண்ணாடியிலேயே காய்ந்து கறையாகிவிடும். தூய நீருக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏணி முறையின் பலமும் பலவீனமும்

பழைய முறையில் தொழிலாளி ஏணியில் ஏறி, ஈரத்துணி சுற்றிய தட்டையால் சோப்பு நீரைத் தேய்த்து, ஸ்குவீஜி எனப்படும் ரப்பர் பட்டையால் நீரை முழுவதுமாக இழுத்தெடுத்து, ஓரங்களைத் துணியால் ஒற்றுகிறார். தண்ணீரே மிஞ்சாததால் கறையும் மிஞ்சுவதில்லை. கண்ணாடியை ஒரு முழ தூரத்தில் பார்த்துச் செய்வதால் ஒட்டிக்கிடக்கும் சிமெண்டுத் துளியையோ பெயிண்ட்டையோ அங்கேயே சுரண்டிவிடலாம். கண்ணாடியின் தெளிவை மட்டும் அளவுகோலாக வைத்தால், நல்ல ஸ்குவீஜிக்காரரின் வேலையைக் கம்பால் மிஞ்ச முடியாது என்பதே என் கருத்து.

சிக்கல் ஏணியில் இருக்கிறது. சாய்வேணி உறுதியாக நிற்க வேண்டுமானால் உயரம் நான்கு பங்குக்கு அடித்தள விலகல் ஒரு பங்கு இருக்க வேண்டும். 6 மீட்டர் உயரத்தில் சாய்த்தால் அடிப்பகுதி சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் வரிசைத் தரைவீடுகளில் சரியாக அந்த இடத்தில்தான் வடிகாலும் அதன் மூடியும் வரும், அல்லது கார் நிற்கும். கடைவீட்டின் முன்பக்கமாக இருந்தால் அஞ்சடி நடைபாதையின் கூரை குறுக்கே நிற்கும். மேலும், ஏணியைப் பிடிக்க ஒரு கை வேண்டும், ஸ்குவீஜிக்கு ஒரு கை, துணிக்கு ஒரு கை. இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும் என்ற விதியை இந்த வேலையில் முழுமையாகக் கடைப்பிடிப்பது ஏறக்குறைய இயலாதது. இறங்கி ஏணியை நகர்த்தும் நேரத்தை மிச்சப்படுத்த, எட்டாத மூலைக்குப் பக்கவாட்டில் சாயும் அந்த ஒரு கணத்தில்தான் உடலின் எடை ஏணியின் கால்களுக்கு வெளியே போகிறது.

சட்டம் எதை விரும்புகிறது

உயரத்திலிருந்து விழுதல் சிங்கப்பூரில் வேலையிட மரணங்களுக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் தொடர்ந்து இருந்துவருகிறது. 2013ஆம் ஆண்டின் உயரமான இடங்களில் வேலை செய்வது தொடர்பான விதிமுறைகளின்படி, 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை ஆபத்தானதாகக் கருதப்படுகிறது, அதற்கு முன்கூட்டிய வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். தரைவீட்டின் இரண்டாம் மாடிச் சன்னலே பல வீடுகளில் அந்த உயரத்தை எட்டிவிடும்.

இந்தக் கம்பு முறை பெருமளவில் பரவியது பிரிட்டனில். 2005 ஏப்ரலில் அங்கே நடப்புக்கு வந்த விதிமுறைகள் ஒரு படிவரிசையை வகுத்தன: உயரத்தில் செய்யும் வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் விழாமல் தடுக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் விழுவதன் பாதிப்பையாவது குறைக்க வேண்டும். ஏணி தடைசெய்யப்பட்டது என்று அப்போது பரவிய பேச்சு தவறு, குறுகிய நேர வேலைகளுக்கு அது இன்றும் அங்கே அனுமதிக்கப்படுகிறது. ஆனால் தரையில் நின்றே செய்ய ஒரு வழி இருக்கும்போது ஏன் ஏறினாய் என்ற கேள்விக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கம்புக்குச் சந்தை உருவாக அது போதுமானதாக இருந்தது.

இல்லப் பணிப்பெண்களுக்கான விதி வேறு, அதையும் இதோடு குழப்பக்கூடாது. மனிதவள அமைச்சு 2012இல் கொண்டுவந்த விதியின்படி, தரைத்தளத்திலோ பொது நடைபாதையை ஒட்டியோ இல்லாத சன்னலின் வெளிப்புறத்தைப் பணிப்பெண் துடைக்க வேண்டுமானால், சன்னலுக்குக் கம்பிவலை போட்டு அது பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ பெரியவர் ஒருவரோ அருகில் நின்று கவனிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று போதாது.

எந்த உயரத்துக்கு எது

கம்பு எல்லாவற்றுக்கும் தீர்வு அன்று. கார்பன் இழைக் கம்பால் ஐந்தாறு மாடிவரை எட்டலாம் என்றாலும், நீளம் கூடக் கூட நுனி வளைந்து ஆடும், தேய்ப்பின் அழுத்தம் குறையும், அண்ணாந்து பார்த்தபடியே வேலை செய்கிறவரின் கழுத்தும் தோளும் நோகும். இரண்டு முதல் நான்கு மாடி வரையே அது உண்மையில் சிறக்கும் இடம். தரைவீடுகள், பள்ளிக்கூடங்கள், சமூக மன்றங்கள், உயரம் குறைந்த கூட்டுரிமை வீடுகள் இதில் அடங்கும், அங்கெல்லாம் வெளிப்புறக் கண்ணாடிக்கு ஏணியைத் தேர்ந்தெடுக்க இன்று நல்ல காரணம் இல்லை. 280 மீட்டர் உயரத்தில் நிற்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரங்களை, கூரையிலிருந்து தொங்கும் கொண்டோலா மேடையில் நிற்பவர்களோ கயிற்றில் இறங்குகிறவர்களோதான் கழுவ முடியும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கும் இது பொருந்தாது. உயரம் ஒருபுறம் இருக்கட்டும், நான்காம் மாடியில் பாய்ச்சிய நீர் மூன்றாம் மாடிக்காரர் கம்பத்தில் காயப்போட்ட துணிமேல் விழுந்தால் நடக்கும் பேச்சுவார்த்தையை யாரும் விரும்பமாட்டார்கள். தேக்கா வட்டாரத்துப் பழைய கடைவீடுகளிலும் யோசித்தே செய்ய வேண்டும். மரச் சட்டங்களின் இடுக்கு வழியே நீர் உள்ளே புகும், பழைய சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கீழே சமையற்கூடப் புகைபோக்கி இருந்தால் மேல்மாடிக் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருக்கும், அது வெறும் தூய நீருக்கு மசியாது. முதலில் சோப்பு போட்டே ஆக வேண்டும்.

கம்புக்கும் தனக்கென்று ஆபத்துகள் உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடியுடன் கூடிய மழை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும் பொருள். திறந்தவெளியில் பத்து மீட்டர்க் கார்பன் கம்பைத் தூக்கிப் பிடித்திருப்பவர், முதல் இடி கேட்டதும் அதைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும், "இன்னும் ஒரு சன்னல்தான்" என்ற பேச்சுக்கு இடமில்லை. நீரைச் சேமிக்கும் தொட்டி மூடியில்லாமல் கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நடைபாதையில் கிடக்கும் குழாயும் ஈரத் தரையும் வழிப்போக்கரைத் தடுக்கி விழவைக்கும்.

தண்ணீர் வீணாகிறதா

ஸ்குவீஜிக்கு ஒரு வாளி நீர் போதும், கம்புக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில் தேவைப்படும். நான்கு மணி நேரம் இடைவிடாமல் பாய்ச்சினால் 360 லிட்டர். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுநீர் ஏறக்குறைய அதே அளவு என்று வைத்தால் மொத்தம் 720 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள வீட்டுக் கட்டணம், மாதம் 40 கன மீட்டர் வரை, கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. ஆக, அரை நாள் வேலைக்கு இரண்டேகால் வெள்ளி சொச்சம். ஏணிக்குத் துணையாள் ஒருவரை நிறுத்தும் கூலியோடு ஒப்பிட்டால் இது செலவே அன்று. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஊரில் 720 லிட்டர் உறுத்தத்தான் செய்யும், அந்தக் கழிவுநீரைத் தரை கழுவவோ செடிக்கோ திருப்பிவிடுவது நியாயமான தீர்வு. கம்பின் பக்கம் பேச ஒன்று உண்டு: நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, வீட்டு முன்னால் இருக்கும் கால்வாய் பெரும்பாலும் ஒரு நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேரும். சோப்பு இல்லாத கழுவல் அங்கே உண்மையான ஆதாயம்.

விலை கேட்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வேலை தொடங்குமுன் பிரஷிலிருந்து வரும் நீரை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். தொட்டியில் உள்ள நீரை மட்டும் அளந்து காட்டுவது போதாது.

2. சட்டங்களும் மேல் விளிம்பும் விலையில் அடங்குமா என்று கேளுங்கள். "கண்ணாடி மட்டும்" என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன கோடுகள் நிச்சயம்.

3. பல ஆண்டுகள் கழுவாத சன்னலுக்கு முதல்முறை இரண்டு சுற்று தேவைப்படும். சிமெண்டு, பெயிண்ட், நீச்சல்குள நீரோ தோட்டத் தெளிப்பானோ கண்ணாடியை அரித்து ஏற்படுத்திய வெண்கறை ஆகியவை கம்புக்குப் போகமாட்டா, அவற்றுக்குத் தனி வேலை, தனி விலை.

4. உள்பக்கத்துக்கு ஸ்குவீஜிதான். வெளியே கம்பு, உள்ளே ஸ்குவீஜி என்று பிரித்து எழுதித் தரும் நிறுவனம் வேலை தெரிந்த நிறுவனம்.

5. மறுநாள் மழை பெய்தால் இலவசமாகத் திரும்ப வருவோம் என்ற வாக்குறுதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழைநீரில் கரைந்த பொருள் மிகக் குறைவு. மழைக்குப் பிறகு கண்ணாடி அழுக்காகத் தெரிவதற்குப் பெரும்பாலும் மேல் விளிம்பில் கிடந்த தூசி வழிந்ததே காரணம், அப்படியானால் இரண்டாவது கேள்விக்கு அவர்கள் தந்த பதிலைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.